பொருளுடைமையும் மருந்தின் எளிமையும்: நீரிழிவு மருத்துவம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றிற்கும் நந்நான்கு இயல்புகளைச் சுட்டிச் செல்கிறார். நோயாளிக்குரிய நான்கனுள் அவர் முதலாவதாக வைப்பது பொருளுடைமை. மருந்துக்குரிய நான்கனுள் ஒன்றாக அவர் வைப்பது எளிதில் கிடைத்தல்.

இவ்விரண்டு இயல்புகளும் ஒரே உரையில் அமைந்திருப்பினும் இவற்றினின்று எழும் பொறுப்பு வேறுவேறானது. நோயாளியிடம் பொருள் இருத்தல் வேண்டும் எனின் சுமை நோயாளியின் மேலது. மருந்து எளிதில் கிடைத்தல் வேண்டும் எனின் சுமை அதனைக் கிடைக்கச் செய்வோர் மேலது. எளிதில் கிடைத்தல் என்பதனால் உரையாசிரியர் விலையை மட்டுமே கருதினார் எனக் கொள்ள இயலாது. ஆயினும், இன்று பலர்க்கு மருந்தை எட்டாததாக்குவது தொலைவோ அருமையோ அன்று, விலையே என்பது வெளிப்படை. வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் நீரிழிவு நோயில் இவ்விரண்டனுள் எதனை முதன்மையாகக் கொள்வது என்னும் வினாவை, சில நாடுகளின் மருத்துவ ஏற்பாடுகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரிழிவின் தனித்தன்மை

நோய்களை வந்து நீங்குவன, வந்து தங்குவன என இருவகைப்படுத்தலாம். வந்து நீங்கும் நோய்க்கு ஆகும் செலவு பெரிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடன் பெற்றோ, உறவினர் உதவியாலோ, நிலத்தை விற்றோ அதனைக் கடந்துவிடலாம். நீரிழிவு வந்து தங்கும் வகையினது. அதன் செலவு நாள்தோறும் நிகழ்வது, முடிவில்லாதது.

முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசி நின்றால் குருதியில் அமிலம் பெருகிச் சில நாட்களிலேயே உயிருக்கு இறுதி நேரக்கூடும். இரண்டாம் வகையில் நிலைமை வேறு. ஒருநாள் மாத்திரை தவறினால் அன்றே தீங்கு புலப்படுவதில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்லக் கண்ணும் சிறுநீரகமும் நரம்புகளும் கால்களும் பழுதுபடுகின்றன. வறியவர் முதலில் குருதிச் சோதனையைத் தள்ளிப்போடுவார். பின்னர் இருவேளை மாத்திரையை ஒருவேளையாக்குவார். அதனை எவரும் காண்பதில்லை. பிற நோய்களில் வறுமை ஓலமிட்டு உதவி கேட்கிறது. இந்நோயிலோ ஓசையின்றித் தன் செயலை முடிக்கிறது. இவ்வியல்பே நீரிழிவை ஒரு மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றி அறச் சிக்கலாகவும் ஆக்குகிறது எனலாம்.

ஒரு டாலர் காப்புரிமை

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921இல் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் தொடங்கிய ஆய்வு, மேக்லியாட், காலிப் ஆகியோரின் பங்களிப்புடன் இன்சுலினை உலகிற்கு அளித்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகளுக்குக் கடும் பட்டினி உணவுமுறையால் வாழ்நாளைச் சிறிது நீட்டிப்பதன்றி வேறு வழி இருந்ததில்லை. 1923இல் கண்டுபிடிப்பாளர்கள் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். உலக நலவாழ்வு நிறுவனம் 1977இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது.

எளிதில் கிடைத்தல் என்னும் இயல்பை இம்மருந்துக்கு அளிக்கவே அதனைக் கண்டவர்கள் விழைந்தனர் என்பது இதனால் புலனாகிறது. அவ்விழைவு பின்னாளில் என்னாயிற்று என்பதை நாடுகளின் நடைமுறைகள் காட்டுகின்றன.

நாடுகளின் ஏற்பாடுகள்

இங்கிலாந்து: 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணி, மருத்துவச் செலவை வரிப்பணத்திலிருந்து ஏற்கிறது. 1952இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் அக்கட்டணம் இன்றும் உண்டு. எனினும் மருந்து கொள்ளும் நீரிழிவு நோயாளர்க்கு விலக்குச் சான்று வழங்கப்படுகிறது. அச்சான்று உடையார்க்கு நீரிழிவு மருந்து மட்டுமன்றிப் பிற நோய்களுக்குரிய மருந்துகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்காட்லாந்து 2011இலும் அனைவர்க்கும் அக்கட்டணத்தை நீக்கின. இங்கு நோயாளியின் பொருளுடைமை வினவப்படுவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடு: இங்கு முதியோர்க்கும் வறியோர்க்குமான அரசுக் காப்பீடுகள் 1965இல் தோன்றின. ஏனையோர் பெரும்பாலும் பணியிடம் வழியாகவோ தாமாகவோ பெறும் தனியார் காப்பீட்டைச் சார்ந்துள்ளனர். 1996இல் ஒரு குப்பி ஏறத்தாழ 21 டாலருக்கு விற்பனைக்கு வந்த இன்சுலின் வகையொன்றின் பட்டியல் விலை, சற்றேறக்குறைய 20 ஆண்டுகளில் 250 டாலரைக் கடந்தது. 2017இல் மினசோட்டா மாநிலத்தில் 26 வயது இளைஞர் ஒருவர் தாயின் காப்பீட்டிலிருந்து வயது வரம்பால் நீங்கிய சில வாரங்களில், இன்சுலினைச் சிக்கனப்படுத்திய நிலையில் உயிரிழந்தார். அதன் விளைவாக 2020இல் அம்மாநிலம் அவசர நிலையில் 30 நாள் இன்சுலின் வழங்கும் சட்டத்தை இயற்றியது. 2022ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டத்தால் முதியோர் காப்பீட்டில் இன்சுலினுக்கான மாதக் கட்டணம், 2023 முதல் 35 டாலருக்கு மிகாதவாறு வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில் முதன்மை நிறுவனங்களும் பட்டியல் விலைக் குறைப்பை அறிவித்தன. செய்முறையில் பெருமாற்றம் ஏதுமின்றியே விலை குறைக்கப்பட இயன்றது எனின், முந்தைய விலை இயற்கையின் விதியன்று, மாந்தரின் முடிவே என்பது தெளிவாகிறது.

கனடா: இன்சுலின் பிறந்த நாட்டிலேயே ஒரு முரண் காணப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் கனடா நலவாழ்வுச் சட்டம் மருத்துவரையும் மருத்துவமனையையும் கட்டணமின்றி அளிக்கிறது. ஆனால் வீட்டில் உட்கொள்ளும் மருந்தை அது உள்ளடக்கவில்லை. வள்ளுவர் கூறும் நான்கனுள் மருத்துவன் கிடைக்க, மருந்து மட்டும் மாகாணத்தின் திட்டத்தையும் தனியார் காப்பீட்டையும் சொந்தப் பணத்தையும் சார்ந்து நின்றது. 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் நீரிழிவு மருந்துகளைப் பொதுச் செலவில் வழங்க வழிவகுத்தது. எனினும், மாகாணங்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி அது நடைமுறைக்கு வருவதில்லை.

இந்தியா: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு, 2023இல் வெளியான முடிவின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என மதிப்பிடுகிறது. நாட்டின் மொத்த நலவாழ்வுச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இக்குறைவு வரவேற்கத்தக்கதே. ஆயினும் 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் மருத்துவத்திற்கே உரியது. நாள்தோறும் கொள்ளும் மாத்திரை அதன் எல்லைக்குள் வருவதில்லை. கால் அழுகி மருத்துவமனையில் சேரும் நாளில் துணைவரும் ஏற்பாடு, அக்கால் அழுகாமல் காக்கும் மருந்தை வாங்கும் நாளில் துணைவருவதில்லை.

அரசு ஆரம்ப நலவாழ்வு நிலையங்கள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன. 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் குறைந்த விலையில் மருந்து விற்கின்றன. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை, இன்றியமையா மருந்துகளுக்கு உச்ச விலை வரையறுக்க வழிசெய்தது. கேரளத்தின் ‘மிட்டாயி’ திட்டம் முதல் வகை நீரிழிவுடைய சிறார்க்கு இன்சுலினை இலவசமாக வழங்குகிறது. 2021இல் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுசேர்க்கிறது. எளிதில் கிடைத்தல் என்பதற்கு இவை அண்மைக்கால விளக்கங்கள் எனலாம்.

மறுப்புகளும் விடைகளும்

பொதுச் செலவில் நீரிழிவு மருத்துவம் வழங்குதலை மறுப்போர் மூன்று காரணங்களை முன்வைப்பதுண்டு.

முதலாவது, உண்டியும் உழைப்பும் ஒழுங்காக இருந்தால் இந்நோய் வாராது. தன் நோய்க்குத் தானே காரணமானவரைப் பிறர் ஏன் தாங்க வேண்டும் என்பது. அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்தும் ‘மருந்து’ அதிகாரமே இதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். ஆனால் முதல் வகை நீரிழிவுக்கு நோயாளியின் ஒழுக்கம் காரணமன்று. இரண்டாம் வகையிலும் மரபுக்குப் பங்குண்டு. கருவிலும் குழவிப்பருவத்திலும் நேர்ந்த ஊட்டக் குறைவு பிற்கால நீரிழிவுக்கு வித்திடக்கூடும் என்னும் கருதுகோளை 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் ஆகியோர் முன்வைத்தனர். தாயின் வறுமையால் குறைந்த எடையில் பிறந்த ஒருவரை, நாற்பது வயதில் மிகையாக உண்டவர் எனப் பழிப்பது நீதியாகாது. மேலும், வள்ளுவர் அவ்வதிகாரத்தில் நோய் வாராமற் காத்தலைக் கூறியதோடு அமையாது, வந்தபின் தீர்க்கும் முறையையும் கூறியுள்ளார் என்பது நோக்கத்தக்கது. அறிவுரை மருத்துவத்திற்கு மாற்றாகாது.

இரண்டாவது, அரசின் பொருள் அளவிற்பட்டது. அனைத்தையும் அனைவர்க்கும் அளித்தல் இயலாது என்பது. இஃது உண்மையே. இங்கிலாந்திலும் எல்லைகள் உள்ளன. தோலில் பொருத்திக் குருதிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி, முதல் வகை நீரிழிவுடைய வயது வந்தோர் அனைவர்க்கும் உரியது என்னும் பரிந்துரை 2022இல்தான் அங்கு வெளிவந்தது. எனவே எல்லை உண்டா, இல்லையா என்பதன்று வினா. எல்லையை வகுப்பது எது என்பதே வினா. காரணம் காட்டி வெளிப்படையாக வகுத்த எல்லையை மறுத்துரைக்கலாம், மாற்றியமைக்கலாம். பணப்பை வகுக்கும் எல்லையோடு வாதிட இயலாது.

மூன்றாவது, வறியோர்க்கு உதவ ஈகை உள்ளது. உரிமை தேவையில்லை என்பது. ஈகை உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் வேண்டுவதை ஈகையால் பெறுவோர் நாள்தோறும் இரப்போராகின்றனர். மணிமேகலைக் காப்பியம் ஈண்டு ஒரு குறிப்பைத் தருகிறது. அமுதசுரபியால் பலர் பசி தீர்த்த மணிமேகலை அத்துடன் அமையாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் வேண்டினாள். தனியொருத்தியின் ஈகை அரசின் அமைப்பாக வடிவம் பெறுதலை இது காட்டுகிறது. பசி மீண்டும் மீண்டும் வருவது; அதனால் அதற்கு நிலையான கோட்டம் வேண்டியதாயிற்று. நீரிழிவும் அத்தகையதே.

மேலைச் சிந்தனையிலும் இதற்கு ஒப்பான கருத்து உண்டு. 1971இல் வெளியான தம் நீதிக் கோட்பாட்டு நூலில் ஜான் ரால்ஸ், தாம் எந்நிலையில் பிறப்போம் என்பதை அறியாதோர் எத்தகைய விதிகளை ஏற்பர் என வினவினார். அக்கோட்பாட்டை நார்மன் டேனியல்ஸ் 1985இல் நலவாழ்விற்கு விரித்துரைத்தார். தம் கணையம் இயங்குமா, தம் கையில் பணம் இருக்குமா என்பன இரண்டையும் அறியாத ஒருவர், மருந்தைப் பொருளுடைமையோடு பிணைக்கும் விதியை ஏற்கத் துணியார்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில், அவசர மருத்துவம் மறுக்கப்படுதல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. சில மணி நேரத்தில் உயிர் போகும் நிலையைச் சட்டம் அவசரம் என அறிகிறது. இருபது ஆண்டுகளில் பரவி நிற்கும் அவசரத்தை அறியும் கண் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. காலத்தால் நீண்டது என்பதனாலேயே ஒரு தீங்கு சிறியதாகிவிடாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. மருந்து இருத்தலும் மருந்து கிடைத்தலும் ஒன்றல்ல. நூறாண்டு கடந்தும் இன்சுலின் சிலர்க்கு எட்டாதிருத்தல் அறிவியலின் குறையன்று, ஏற்பாட்டின் குறை.

2. எல்லா நாடுகளும் எல்லை வகுக்கின்றன. காரணம் கூறி வகுக்கும் எல்லை, நோயாளியின் பணம் வகுக்கும் எல்லையினும் அறத்திற்கு அணுக்கமானது.

3. நெருக்கடியில் மட்டும் துணைவரும் காப்பீடு நீரிழிவுக்குப் போதாது. நாள்தோறும் வேண்டும் மாத்திரையும் சோதனையும் அதன் எல்லைக்குள் வருதல் வேண்டும்.

பரிமேலழகர் பொருளுடைமையை நோயாளியின் இயல்பாக வைத்தது அவர் கண்ட உலகியலைக் கூறியதாகலாம். அவரே மருந்தின் இயல்பாக வைத்த எளிதில் கிடைத்தலை நாம் முதன்மையாகக் கொள்வோமாயின், பொருளுடைமை என்பது தனியொரு நோயாளியின் தகுதியாக நில்லாமல் சமுதாயம் முழுமைக்கும் உரிய கடமையாக மாறும். அம்மாற்றம் நிகழும் நாட்டில் பணத்தை எண்ணிப் பார்த்து மாத்திரையைப் பாதியாக ஒடிக்கும் கை இராது.