ஒலிநூலும் ஒப்புரவும்

நூலொன்றை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டுப் பயன்கொள்ளும் மரபு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. கோயில்களிலே கந்தபுராணம் படிக்கப்படும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். எழுத்தறியாதாரும் பார்வை குன்றியோரும் அவ்வாறே காவியத்தை அறிந்துகொண்டனர். நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டதும் செய்யுள் எட்டாதாரை மனங்கொண்டே எனலாம். புராணபடனத்தில் வாசிப்பவர் தாமாக நூலைத் தெரிவதில்லை. மரபு அதனைத் தெரிந்து வைத்திருந்தது. கேட்போரும் அவர் கண்முன்னே அமர்ந்திருந்தனர்.

இம்மரபுக்குத் தூரத்து உறவெனத்தக்க முயற்சியொன்று 2005இற் கனடாவின் மொன்றியல் நகரிலே ஹியூ மக்குவையர் என்பவரால் தொடங்கப்பட்டது. லிப்றிவொக்ஸ் என்னும் அவ்வமைப்பிலே, பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையான நூல்களைத் தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே வாசித்து ஒலிப்பதிவு செய்கின்றனர். அவர்களுக்கு ஊதியமில்லை. பதிவுகளும் பொதுவுடைமையாகவே விடப்படுகின்றன. எந்நூலை வாசிப்பது என்பதைத் தொண்டரே தீர்மானிக்கின்றார். அவ்வாறு தெரியப்பட்டவற்றுள் விஞ்ஞானப் புனைகதைகள் பல. ஈண்டு ஒரு வினா எழுகின்றது. கைம்மாறு கருதாது கொடுப்பவனுக்கு, எதைக் கொடுப்பது என்பதிற் கடமை ஏதும் உண்டா?

இல்லை என்போர் கூற்று வலுவற்றதன்று. ஒரு நாவலைப் பதிவுசெய்யப் பல மாதங்கள் செல்லலாம்; அவ்வுழைப்பைத் தாங்கி நிற்பது விருப்பமே. விருப்பமின்றி வாசிக்கும் குரலைக் கேட்பவன் எளிதில் இனங்கண்டுகொள்வான். மேலும், நூல் தெரிதற்கெனக் குழுவொன்றை நியமித்தால் அது நாளடைவிலே தணிக்கைக் குழுவாகிவிடவும் கூடும். தத்துவஞானி கான்ற், பிறர்க்குதவுதலை, யாருக்கு எவ்வளவு என்பதிலே நெகிழ்ச்சிக்கு இடந்தரும் கடமையாகவே வகுத்தார். ஆயினும், நெகிழ்ச்சி உண்டென்பதனாற் கடமையே இல்லை என்றாகிவிடாது.

முதற்கண், நமது விருப்பம் நாம் கருதுமளவு சுதந்திரமானதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான ஆக்கங்களின் பதிப்புரிமையை 28ஆம் ஆண்டிலே புதுப்பித்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. மலிவுச் சஞ்சிகைகளில் வந்த விஞ்ஞானக் கதைகள் பலவற்றுக்கு எவரும் அதனைச் செய்யவில்லை. அதனாலேயே அவை பொதுவுடைமையாயின. இலங்கையிலோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டு கழிதல் வேண்டும். ஆகவே தொண்டர் முன்னுள்ள நூல்வரிசை அறிவாளர் தெரிந்தெடுத்ததன்று. சட்டமும் மறதியும் விட்டுவைத்தது. அதிலே கைக்கு முதலில் எட்டுவதை எடுப்பவர், தாம் தெரிந்ததாக எண்ணினும், உண்மையிற் தமக்காக முன்னரே தெரியப்பட்டதையே எடுக்கின்றார்.

இரண்டாவது, இக்கொடையின் இயல்பு. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் வெவ்வேறு அதிகாரங்களாக வைத்தார். ஈவோன் இரப்போனின் முகத்தைக் காண்கிறான். அவனது தேவை அங்கேயே புலப்படும். ஒப்புரவோ பொதுமைக்குச் செய்வது. பயன்கொள்வோர் முகம் தெரியாது. ஒலிநூல் இவ்வகையினது. முகம் தெரியாமையினாலேயே அறிதல் இங்கு இன்றியமையாததாகின்றது. ஒப்புரவு என்னாது ஒப்புரவறிதல் என அதிகாரத்துக்குப் பெயர் அமைந்தமை மனங்கொளத்தக்கது.

இதனை நல்லூரிலிருந்து வாசிக்க முனையும் ஒரு மாணவரின் நிலையில் வைத்து நோக்கலாம். எச். ஜி. வெல்ஸ் 1946இற் காலமானார். 2017 முதல் அவர் நூல்கள் இலங்கையிலும் பொதுவுடைமை. 1898இல் நூலாக வந்த 'உலகங்களின் போர்' செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தைத் தாக்குவதைச் சொல்வது. அவர்களைப் பழிக்குமுன், ஐரோப்பியர் தஸ்மேனியர்க்கு இழைத்த அழிவை நினைக்குமாறு தன் வாசகரைத் தூண்டுவது. குடியேற்ற ஆட்சியை அனுபவித்த நாட்டினர்க்கு அது வேறொரு பொருளும் தரும். ஆயினும் ஆங்கிலத்தில் அதனை வாசித்தவர் பலர். வங்காளத்துப் பேகம் றொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இற் சென்னையில் வெளிவந்த ஆங்கில இதழொன்றிலே தோன்றியது. பெண்கள் ஆள, ஆண்கள் வீட்டினுள் அடங்கியிருக்கும் நாட்டையும், சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும் கலையையும் அது கற்பனை செய்தது. ஆசிரியர் 1932இல் மறைந்தமையால் அதனைத் தமிழாக்கி வாசிக்கவும் சட்டத்தடை இல்லை. பிறர் செய்த தமிழாக்கமாயின் மொழிபெயர்ப்பாளர்க்குத் தனியுரிமை உண்டு என்பதும் நினைவிற் கொள்ளவேண்டும். மாலைப்பொழுது ஒன்றே கையிலுள்ள அம்மாணவர், நூறாவது முறையாக வெல்ஸை ஆங்கிலத்தில் வாசிப்பதா, தமிழ்ச் செவிக்கு அரிதான கதையை முதன்முறை தருவதா என்று நின்று எண்ணுதல் தகும்.

இதனால், கேட்போர்க்கு உபதேசமாக உள்ளதையே வாசிக்கவேண்டும் என்பது பெறப்படாது. பார்வையற்ற ஒருவருக்குப் பாடநூல் மாத்திரம் போதும் என்று தீர்ப்பதும் ஒருவகை அவமதிப்பே. செவ்வாய்க் கிரகத்துக் கதையிலே இரவைக் கழிக்க அவருக்கும் ஆசையிருக்கலாம். எனவே அவருக்காகத் தீர்மானிப்பதினும் அவரைக் கேட்டறிவதே முறை. அன்றைய சபையிற் கேட்போர் எதிரே இருந்தனர். இன்று அவர்களைத் தேடிச்சென்று கேட்கவேண்டியிருக்கின்றது. எந்நூல் என்பதிலே தொண்டர் சுதந்திரர். யாருக்காக என்று வினவாதிருக்கும் சுதந்திரம் மட்டும் அவருக்கு இல்லை.