பிச்சாவரத்தில் ஒரு போட்டோ, தில்லையில் ஒரு வேட்டி

ஓம் சரவணபவ 🙏

இன்னைக்கு அற்புதமோ பரிகாரமோ எழுதப் போறதில்லை. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி எழுதணும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேரும், ஒரு நண்பனோட அத்தையும் பிச்சாவரம் போனோம். காலைல படகு, சாயங்காலம் சிதம்பரம் நடராஜர் தரிசனம். இது தான் பிளான். நண்பன் படகை நினைச்சு ஷார்ட்ஸ் போட்டு வந்தான். அத்தை கோவிலை நினைச்சு பட்டுப்புடவை கட்டி வந்தாங்க. ரெண்டு பேருமே பாதி நாளுக்கு மட்டும் தயாராகி வந்திருக்காங்கன்னு அப்புறம் தான் புரிஞ்சது.

படகுல ஏறினதும் முதல்ல மாட்டினது அத்தை. பட்டுப்புடவை மேல லைஃப் ஜாக்கெட். "முந்தானையை நல்லா இழுத்துச் செருகிக்கோங்கம்மா, வேர்ல மாட்டும்"னு படகுக்கார அண்ணன் சொன்னார். குறுகலான வாய்க்கால்ல நுழைஞ்சப்ப ஒரு மரத்தைக் காட்டி, "இது தில்லை மரம். ஒடிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்"னு எச்சரிச்சார். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் கொடுத்த அதே மரம்! ஊருக்குள்ள இப்ப பேரா மட்டும் இருக்கு, பிச்சாவரத்துல இன்னும் மரமாவே நிக்குது.

கொஞ்ச தூரத்துல இருளர் சமூகத்து அம்மா ஒருத்தர் மார்பளவு தண்ணியில நின்னு, கையாலேயே துழாவி இறால் பிடிச்சிட்டு இருந்தாங்க. பிடிச்சதைப் போடுற பறியை வாயால கடிச்சுப் பிடிச்சிருந்தாங்க. புடவையை ஏத்திக் கட்டியிருந்தாங்க, உடம்பெல்லாம் நனைஞ்சிருந்தது. நான் உடனே போனை எடுத்தேன். அண்ணன் துடுப்பை நிறுத்திட்டு அமைதியா சொன்னார்: "வேணாம் தம்பி. அவங்க வேலையில இருக்காங்க."

போனை உள்ள வெச்சேன். ஆனா அந்த வார்த்தை இன்னும் உள்ள போகலை.

சாயங்காலம் சிதம்பரம். இப்ப மாட்டினது ஷார்ட்ஸ் நண்பன். யாரும் எதுவும் சொல்லலை, அவனுக்கே கூச்சம். கீழ சன்னதியில ஒரு வேட்டி வாங்கினான், கட்டத் தெரியலை. பூ விக்கிற அம்மா சிரிச்சுக்கிட்டே தன் மகனைக் கூப்பிட்டு, "தம்பிக்குக் கட்டி விடுடா"ன்னாங்க. உள்ள போனா அடுத்த பாடம். கனகசபையில் ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்றணும். "முழங்கால் தெரிஞ்சா தப்பு, மார்பு தெரிஞ்சா முறையா?"ன்னு அவன் காதுல கேட்டான். கிண்டலா தான் கேட்டான், ஆனா நல்ல கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. உடம்பு எவ்வளவு மூடியிருக்கு என்பது தான் மரியாதைக்கு அளவுகோல் என்றால், திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றச் சொல்வது பொருந்தாது. கோவணம் கட்டிய பழனி ஆண்டவரும் பொருந்த மாட்டார். அப்போ அளவு துணியில் இல்லை. அந்த இடத்தில் நாம் எதற்காக நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. படகில் உயிரைக் காக்க நிற்கிறோம், அதனால் லைஃப் ஜாக்கெட். சன்னதியில் பதவி, பணம் எல்லாத்தையும் வெளியே விட்டு நிற்கிறோம், அதனால் சட்டையைக் கழற்றுகிறோம்.

நம்ம அப்பனே இதைச் செஞ்சு காட்டியிருக்கார். பழனியில் விளா பூஜையில் ஆண்டி, சாயரட்சையில் ராஜா. வள்ளியம்மையைத் தேடித் தினைப்புனம் போனப்ப வேடன், அப்புறம் கிழவன். வேஷம் மாறுது, முருகன் மாறலை.

ஆனா "இடத்துக்கேற்ற உடை" என்ற பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடலை. அடுத்த மாசமே சட்டமன்றம் அதுக்கு எதிரா ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை பழைய திருவிதாங்கூரில் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்றார்கள். பல பத்தாண்டுகள் போராடி, 1859ல் தான் அந்த உரிமை கிடைத்தது. அங்கேயும் "இது மரபு" என்று தான் சொன்னார்கள்.

சட்டையைக் கழற்றுவதும் மரபு, மேலாடையை மறுத்ததும் மரபு என்றால் எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இது தான். நல்ல விதி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தும். கலெக்டரும் கூலிக்காரரும் வெற்று மார்போடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கெட்ட விதி ஒருத்தரை மட்டும் கீழே நிறுத்தும்.

2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோவில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது நினைவிருக்கும். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா அல்லது பேன்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார். 2016 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தது, அதே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. கோர்ட் விஷயம் அப்படி. மலேசியாவில் பத்துமலை முருகன் கோவிலில் வேற மாதிரி. ஷார்ட்ஸில் வரும் பெண்களுக்குப் படி ஏறும் முன்னாடி சுற்றிக்கொள்ள ஒரு துணியை வாடகைக்குத் தருவார்கள். கட்டிக்கிட்டு 272 படி ஏறலாம். திருப்பி அனுப்புவதைவிட ஒரு துணியை நீட்டுவது எவ்வளவு அழகு!

இப்ப என் தப்புக்கு வரேன். சில மாசம் முன்னாடி ஒரு குரூப்பில், கோவில் வாசலில் ஜீன்ஸ், டி-ஷர்ட்டோடு நின்ற ஒரு பொண்ணோட போட்டோ வந்தது. "இது கோவிலா, மாலா?"ன்னு ஒரு வரி சேர்த்து நானும் ஃபார்வர்ட் பண்ணினேன். பக்திக்குக் காவல் நிற்கிறேன்னு நினைப்பு. அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சு வழியில் ஒரு நிமிஷம் கும்பிட வந்திருக்கலாம், மனசு உடைஞ்சு ஓடி வந்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

படகுக்கார அண்ணன் சொன்னது அன்னைக்கு ராத்திரி தான் உள்ள போச்சு. போட்டோ ஒருத்தரை அவங்க இடத்திலிருந்து பிடுங்கிடுது. தண்ணியில் நின்ற அம்மாவின் ஈரப்புடவை அங்கே உழைப்பு, என் போன்ல அது வேடிக்கை. அந்தப் பொண்ணு கூப்பிய கை அங்கே பிரார்த்தனை, எங்க குரூப்பில் அது கேலி. இடத்துக்கு மரியாதை வேணும்னு பேசின நான் தான், ஒரு சன்னதியைச் சந்தையாக்கினேன்.

மெசேஜைத் தேடிப் போய் அழிச்சேன். என் போன்ல தான் அழிஞ்சது. மத்தவங்க போன்ல எங்கெங்க இருக்கோ, அப்பனுக்குத் தான் தெரியும்.

அதனால என் தம்பி தங்கைகளே, கோவிலுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னாடி நில்லுங்க, இடம் அறிஞ்சு உடுத்துங்க. உடை மனசைத் தயார் செய்யும், அது உண்மை. ஆனா அந்தக் கண்ணாடி நம்மைப் பார்க்க மட்டும் தான். பக்கத்துல யாராவது தெரியாம வந்து கூசி நின்னா, போனை எடுக்காதீங்க. தோள்ல இருக்கிற துண்டை எடுத்துக் கொடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!