வீடு நீங்குதல்

இளைஞர் பெற்றோர் இல்லத்தை விட்டுத் தனிக்குடி போவது நன்றோ தீதோ என உபாசகர் பலர் நம்மை வினவுகின்றனர். மகன் மீதுள்ள வருத்தமே அவ்வினாவில் பெரிதும் ஒலிக்கின்றது. முதலில் காரணத்தை நோக்குவோம்.

கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூர் இளைஞர் பலர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். அலைச்சல் பொறாதார் அங்கேயே அறை பிடித்துத் தங்கினர். தாய் தந்தையரை வெறுத்தா சென்றனர்? சுரங்கத் தொழிலாளர்க்கெனக் கட்டிய சிற்றில்லில் மணமான மகன் எங்கே படுப்பான்? தொழிலும் இடமுமின்றி நீங்கியவனைப் பழித்தல் நியாயமன்று.

ஆயினும் வேறொரு கணக்கு உண்டு. 2001க்கும் 2011க்கும் இடையே இந்நாட்டு மக்கள் தொகை நூற்றுக்குப் 18க்குட்பட்டே பெருகிற்று. குடும்பங்களோ 19.2 கோடியிலிருந்து 24.67 கோடியாயின, இது நூற்றுக்கு 28 வீதம். ஓருலையில் ஐவர்க்கு வெந்த சோறு ஈருலையில் வேகின்றது. குளிர்ப்பெட்டி ஒருவனுக்காக ஓடினும் ஐவர்க்காக ஓடினும் மின்சாரச் செலவு ஏறக்குறைய ஒன்றே. விளக்கு, விசிறி, செங்கல், மணல் யாவும் அவ்வாறே. பெங்களூர் அருந்தும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றப்படுகின்றது. அந்நகரின் கழிவு சேர்ந்த பெல்லந்தூர் ஏரியில் 2017இல் நெருப்பெழுந்தது. ஏரி தீப்பற்றிற்று என்றால் நம் பாட்டன்மார் நம்பியிருப்பரோ?

பகவன் புத்தரும் வீடு நீங்கினாரே என்பர் சிலர். உண்மை. ஆயின் இராகுலன் சங்கம் புகுந்தபின், பாட்டனார் சுத்தோதனர் வேண்ட, பெற்றோர் இசைவின்றி மகனைச் சேர்த்தலாகாதென விதித்தவரும் அவரே. மேலும், சங்கத்தார் வீட்டோடு பொருளையும் நீங்கினர். புதுச் சீவரம் பெற்றபின் பழையதை என் செய்வீர் என உதயண மன்னன் வினவ, அது மேல்விரிப்பாகும், பின் மெத்தையுறையாகும், தரைவிரிப்பாகும், கால்துடைப்பாகும், தூசி துடைக்கும் துணியாகும், ஈற்றில் களிமண்ணொடு பிசைந்து தரைக்குப் பூசப்படும் என்றார் ஆனந்தர். ஆலையில் கழிவுப் பஞ்சின் விலையறிந்த நமக்கு, அவர் தேர்ந்த மேஸ்திரியாகவே தோன்றுகின்றார்.

இன்று தனிக்குடி போகிறவனோ, பெற்றோர் வீட்டில் கட்டில் வெறிதே கிடக்கப் புதுக் கட்டில் வாங்குகிறான். ஆனால் பெங்களூரில் நண்பர் நால்வர் ஓரறையில் ஓரடுப்பு மூட்டி வாழ்வதையும் நாம் கண்டோம். வீடு நீங்கியும் அவர்கள் ஓருலையை நீங்கவில்லை. மணமானபின் என் செய்வீர் என்றோம். “வாடகையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் ஐயா” என்றான் ஒருவன்.