எதிரே நிற்பதும் மனிதர்தான்

1996-இல் வெளிவந்த குவேக் கேமில் செத்து விழுந்தவர் மறுபடி உயிர்பெறும்போது அவருக்குக் கிடைப்பது 100 ஹெல்த், ஒரு கோடரி, ஒரு ஷாட்கன், 25 தோட்டாக்கள். அன்றுதான் முதன்முதலாக மவுஸைப் பிடித்தவருக்கும் அவ்வளவுதான், ராப்பகலாக ஆடிப் பழகியவருக்கும் அவ்வளவுதான். ராக்கெட் லாஞ்சர் வேண்டுமென்றால் மேப்பில் அது கிடக்கும் இடத்துக்கு ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தவர் ஜெயித்தார் என்றால் கையும் கண்ணும் பழகியிருந்தன, எந்த மூலையில் எந்தப் பொருள் எப்போது திரும்ப முளைக்கும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருந்தது, அதனால் ஜெயித்தார். வளர்ச்சி முழுவதும் ஆடுகிறவருக்குள்ளேயே நடந்தது. கேம் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை.

இன்றைய ஆன்லைன் ஷூட்டர்கள் பலவற்றில் மேட்ச் முடிந்த கையோடு ஒரு கணக்கு ஓடும். சுட்டு வீழ்த்தியதற்கு இவ்வளவு, கூட்டாளியைத் தூக்கிவிட்டதற்கு இவ்வளவு, கொடிக்கம்பத்தைப் பிடித்ததற்கு இவ்வளவு என்று புள்ளிகள் சேர்ந்து ஒரு பட்டை நிரம்பும். நிரம்பினால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் புதிய துப்பாக்கியோ, பெர்க் எனப்படும் சிறப்புத் திறனோ, ஸ்கில் பாயிண்டோ கைக்கு வரும். எக்ஸ்பி, லெவல், ஸ்கில் பாயிண்ட் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பி எனப்படும் அனுபவப் புள்ளி நாம் செய்த வேலைக்கு விழும் வரவு. நாம் கேட்காமலே வந்து சேரும். லெவல் என்பது அந்த வரவின் மைல்கல். ஸ்கில் பாயிண்ட் மட்டும்தான் நம் கையில் தரப்படும் காசு. அதை எதில் போடுவது என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் இரண்டுக்கும் நேரம் செலவழித்தால் போதும், மூன்றாவதற்கு யோசிக்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாடு ஷூட்டர்களில் பிறந்ததல்ல. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறும் முறை அதிலிருந்துதான் பரவியது. அங்கே வீரன் பலசாலியானால் யாருக்கும் நஷ்டமில்லை. எதிரே நிற்பது பூதமோ டிராகனோதான்; ஆட்டத்தை நடத்துகிறவர் அடுத்த பூதத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவார். ஆன்லைன் ஷூட்டரில் எதிரே நிற்பதும் மனிதர். என் தோட்டாவுக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு சதவீதமும் வேறொருவரின் உயிரிலிருந்து கழிகிறது. சதுரங்கத்தில் நூறு ஆட்டம் ஆடி முடித்தவருக்கு இரண்டாவது ராணியைப் பரிசாகக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். ஆகவே ஒரு ஷூட்டரின் வளர்ச்சி முறையை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் புள்ளி யாருக்கு எதிராகச் செலவாகிறது என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு அழகான பதில் சொன்ன பழைய கேம் ஒன்று உண்டு. ஸ்பிளாஷ் டேமேஜ் நிறுவனம் உருவாக்கி 2003-இல் இலவசமாகவே வெளிவந்த வுல்ஃபென்ஸ்டைன்: எனிமி டெரிட்டரி. இரண்டாம் உலகப் போர் பின்னணியில் இரண்டு அணிகள். படைவீரர், மருத்துவர், எஞ்சினியர், ஃபீல்ட் ஆப்ஸ், மாறுவேட உளவாளி என ஐந்து வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித் திறமை ஒன்று, எல்லோருக்கும் பொதுவான திறமை இரண்டு. எந்தத் திறமையாக இருந்தாலும் 20, 50, 90, 140 எக்ஸ்பி என்று நான்கு படிகள்.

மருத்துவரை எடுத்துக்கொள்வோம். அடிபட்டவருக்கு மருந்துப் பொட்டலம் போட்டாலும், விழுந்தவரை ஊசி போட்டு எழுப்பினாலும் அவருடைய முதலுதவித் திறமையில்தான் புள்ளி ஏறும். மூன்றாம் படியை எட்டினால், அவர் எழுப்பிவிடும் ஆள் முழு ஹெல்த்தோடு எழுவார். இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். மருத்துவரின் வளர்ச்சி அவருடைய துப்பாக்கியில் தெரிவதில்லை, அவர் தொட்டு எழுப்பும் கூட்டாளியின் உடம்பில் தெரிகிறது. எஞ்சினியருக்கோ பாலம் கட்டுவதும் டைனமைட் வைப்பதும் புள்ளி. எதற்குப் புள்ளி விழுகிறதோ அதைத்தான் ஆடுகிறவர்கள் செய்வார்கள். விதிப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்த வேலை நடக்காது. சுடுவதற்கு மட்டும் புள்ளி தரும் கேமில் பத்துப் பேர் பத்துத் திசையில் அலைவதற்குக் காரணம் அவர்களுடைய சுயநலமல்ல, புள்ளிப் பட்டியல் அப்படி.

அந்தக் கேமில் இன்னொரு முடிவும் இருந்தது. சேர்த்த திறமை எல்லாம் மூன்று மேப் கொண்ட ஒரு காம்பெயின் முடியும்வரைதான். பிறகு எல்லோரும் மறுபடி பூஜ்யத்தில் நிற்பார்கள். ஒரு சாயங்காலத்துக்குள் ஏறுமுகத்தின் இன்பம் முழுவதையும் தந்து, மறுநாள் வரும் புதியவருக்குப் பாக்கி எதையும் வைக்காத ஏற்பாடு அது. பிற்பாடு சில சர்வர்க்காரர்கள் மாட் போட்டு எக்ஸ்பியை நிரந்தரமாகச் சேமிக்கத் தொடங்கினார்கள். உள்ளே நுழைந்த முதல் நொடியிலேயே நான்கு படியும் ஏறி நிற்கும் பழைய ஆட்கள், அவர்களுக்கு எதிரே வெறுங்கையோடு புதியவர்கள். சமநிலையைக் காத்தது புள்ளியின் அளவு அல்ல, அதன் ஆயுள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிரந்தர வளர்ச்சியை ஷூட்டர்களின் வழக்கமாகவே ஆக்கியதில் பெரும்பங்கு 2007 நவம்பரில் வந்த கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேருக்கு உண்டு. இன்ஃபினிட்டி வார்டு அதில் 55 லெவல்களை வைத்தது. முதல் சில லெவல்கள் ஒன்றிரண்டு மேட்சிலேயே ஏறிவிடும். போகப் போக ஒவ்வொரு லெவலுக்கும் கேட்கும் எக்ஸ்பி கூடிக்கொண்டே போகும். புதியவருக்கு உடனுக்குடன் பலன் தெரிய வேண்டும், ஊறியவருக்குத் தூரத்தில் ஓர் இலக்கு இருக்க வேண்டும் என்பதற்காக வரையப்படும் வளைவு இது. இன்று பல கேம்களிலும் இதே வளைவுதான். உச்சியைத் தொட்டவர் விரும்பினால் சம்பாதித்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் லெவலுக்கே திரும்பலாம். பெயர் பிரெஸ்டீஜ், அதற்குக் கிடைப்பது ஒரு சின்னம் மட்டும். பத்து முறை அப்படித் திரும்பியவர்கள் ஏராளம்.

அந்தக் கேமின் பெர்க்குகளை ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஓர் ஆளின் ஹெல்த் 100. கிட்டத்தில் சுட்டால் 30 குறைக்கும் துப்பாக்கி ஒன்று கையில் இருக்கிறது. நான்கு தோட்டா பட்டால் ஆள் விழுவார். ஸ்டாப்பிங் பவர் பெர்க்கைப் போட்டால் சேதம் 40 சதவீதம் கூடும். 30 என்பது 42 ஆகும், மூன்று தோட்டா போதும். எதிராளி ஜக்கர்நாட் போட்டிருக்க, நம்மிடம் ஸ்டாப்பிங் பவர் இல்லையென்றால் சேதத்தில் கால்வாசி கழியும், 22.5 ஆகும், ஐந்து தோட்டா வேண்டும். ஒரே துப்பாக்கி, ஒரே குறி. மூன்று தோட்டாவா ஐந்து தோட்டாவா என்பதை மெனுவில் செய்த தேர்வு தீர்மானிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. சேதம் 30-இலிருந்து 33 ஆனால் பத்து சதவீத உயர்வு. ஆனாலும் அதே நான்கு தோட்டாதான் வேண்டும். மூன்று தோட்டாவில் 99. எதிராளி ஒரே ஒரு புள்ளி உயிரோடு நின்று திருப்பிச் சுடுவார். 34 ஆனால் மூன்றே தோட்டா. ஆகவே ஸ்கில் விவரத்தில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அது ஒரு வாசலைத் தாண்ட வைக்கிறதா, வாசலுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறதா என்று வகுத்துப் பார்க்க வேண்டும். பெரிதாகத் தோன்றும் உயர்வு வீணாவதும், அற்பமாகத் தோன்றுவது ஆட்டத்தையே புரட்டுவதும் இந்த இடத்தில்தான்.

மாடர்ன் வார்ஃபேர் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தது என்பேன். ஸ்டாப்பிங் பவர், ஜக்கர்நாட் என்ற பலமான இரண்டு பெர்க்குகளையும் ஐம்பதாவது லெவலுக்குத் தள்ளிப் பூட்டிவைக்கவில்லை. சொந்தமாகக் கிளாஸ் அமைக்கும் வசதி திறக்கும் நான்காவது லெவலிலேயே கொடுத்துவிட்டது. கடைசி லெவலில் கிடைப்பது தங்க முலாம் பூசிய டெசர்ட் ஈகிள். பார்க்கப் பளபளக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, எதிரியின் ரேடாரிலிருந்து மறைக்கும் யுஏவி ஜாமரும் ஸ்டாப்பிங் பவரும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. பலம் வேண்டுமா, மறைவு வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடையாது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் அது தேர்வு. எதையும் விடாமல் கூட்டிக்கொண்டே போக முடிந்தால் அது வெறும் சீனியாரிட்டி. ஆனாலும் ஸ்டாப்பிங் பவரைப் பெரும்பாலோர் கழற்றவே இல்லை. எல்லோரும் எடுக்கும் ஒன்று தேர்வாக நிற்காது. 2009-இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-இல் ஜக்கர்நாட் இல்லை. அடுத்த ஆண்டு பிளாக் ஆப்ஸில் ஸ்டாப்பிங் பவரும் இல்லை.

தவறாகப் போன கதை 2017-இல் நடந்தது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2-இல் வீரர்களுக்குப் பலம் தருபவை ஸ்டார் கார்டுகள். அவை அதிர்ஷ்டப் பெட்டிகளிலிருந்து வந்தன. அந்தப் பெட்டிகளை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். டார்த் வேடராக ஆட வேண்டுமானால் 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். கொந்தளிப்பு எழுந்ததும் விலையை முக்கால்வாசி குறைத்து 15,000 ஆக்கினார்கள். கோபம் அடங்கவில்லை. நவம்பர் 17 வெளியீட்டுக்கு முந்தைய நாள் பணம் கொடுத்து வாங்கும் வழியையே மூடினார்கள். ஆடியவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. என்னைச் சுட்டு வீழ்த்தியவர் கை தேர்ந்தவரா, கூடுதல் நேரம் ஆடியவரா, கூடுதல் பணம் போட்டவரா என்று தெரியாத இடத்தில் தோல்வியிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கற்க முடியாத தோல்வி மனிதரைக் கேமைவிட்டே விரட்டிவிடும்.

2018 மார்ச்சில் அந்தக் கேமின் வளர்ச்சி முறையை அடியோடு மாற்றினார்கள். எந்த வகுப்பை, எந்த நாயகனை ஆடுகிறோமோ அதற்கே எக்ஸ்பி சேரும். லெவல் ஏறினால் ஒரு ஸ்கில் பாயிண்ட். அதைக் கொடுத்து வேண்டிய கார்டை நாமே திறக்கலாம், உயர்த்தலாம். அதிர்ஷ்டத்தின் இடத்தில் ஸ்கில் பாயிண்ட் வந்து உட்கார்ந்தது. முற்றிலும் நியாயமான முறை என்று இதையும் சொல்லமாட்டேன், நீண்ட நாள் ஆடியவருக்கு மேல்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மேல்கை எங்கிருந்து வந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

மேல்கையைச் சமன்செய்ய வேறு வழிகளும் உண்டு. ஹேலோ 3 இரண்டு எண்களைத் தனித்தனியாக வைத்தது. ஒன்று அனுபவத்தைக் காட்டும். இன்னொன்று 1 முதல் 50 வரை திறமையைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் கணக்குப்படி தோற்றால் இறங்கவும் செய்யும். உயர்ந்த பதவிகளுக்கு இரண்டுமே தேவை. டெஸ்டினி வேறு மாதிரி செய்தது. கணினி இயக்கும் எதிரிகளோடு சண்டையிட்டுச் சேர்த்த பலத்தை மனிதரோடு மனிதர் மோதும் குரூசிபிளில் பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. அயர்ன் பேனர் போன்ற தனிப் போட்டிகளுக்கு விலக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் ஆடும் பிஜிஎம்ஐ இன்னும் நேரடியானது. விமானத்திலிருந்து குதிக்கும் ஒவ்வொருவரும் வெறுங்கையோடுதான் குதிக்கிறார்கள். லெவல் 3 ஹெல்மெட்டையும் ஆட்டத்துக்குள்தான் தேடிப் பொறுக்க வேண்டும். அந்த வகையில் அது குவேக்கின் வம்சம்.

அப்படியானால் ஸ்கில் ட்ரீயை முழுதாக விரித்துப் பார்க்கும் சந்தோஷத்துக்கு எங்கே போவது? நால்வர் கூட்டாக நின்று கணினி இயக்கும் எதிரிகளைச் சுடும் கேம்களுக்குத்தான். கியர்பாக்ஸ் உருவாக்கி 2012-இல் வெளிவந்த பார்டர்லேண்ட்ஸ் 2 இதில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு. ஐந்தாவது லெவலிலிருந்து லெவலுக்கு ஒரு பாயிண்ட். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று கிளைகள். ஒரு கிளையில் ஐந்து பாயிண்ட் போட்டால்தான் அடுத்த வரிசை திறக்கும். உச்சித் திறமையை எடுக்க 25 பாயிண்ட் போட்டுவிட்டு இருபத்தாறாவதை வைக்க வேண்டும்.

ஆக்ஸ்டன் என்ற கமாண்டோவைப் பாருங்கள். அவனுடைய ஆயுதம் தரையில் வீசி நிறுத்தும் தானியங்கித் துப்பாக்கி, டரெட். ஒரு கிளையின் உச்சி அதில் இரட்டைத் துப்பாக்கியைப் பொருத்துகிறது. இன்னொன்று டரெட் விழும் இடத்தில் குட்டி அணுகுண்டை வெடிக்கிறது. மூன்றாவது ஒன்றுக்குப் பதில் இரண்டு டரெட் தருகிறது. கேம் வெளிவந்தபோது உச்ச லெவல் 50, அதாவது 46 பாயிண்ட். டரெட்டைத் திறக்கவே ஒன்று போய்விடும். மீதி 45-ஐ வைத்து ஓர் உச்சியைத்தான் எட்டலாம். இரண்டுக்கு 52 வேண்டும். பின்னால் உச்சம் 61 ஆனபோது இரண்டு உச்சி கைகூடியது. லெவல் 80 வரை உயர்த்திய பிறகு கைக்கு மிஞ்சுவது 75. மூன்று உச்சிக்கும் சேர்த்துத் தேவை 78. கடைசிவரை ஒன்றை விட்டே ஆக வேண்டும். அதனால்தான் இரண்டு பேர் ஆக்ஸ்டனாக வந்தாலும் இரண்டு விதமாக ஆட முடிகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் இங்கே வழக்கமாகத் தடுமாறும் இடம், மூன்று கிளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது. எல்லாவற்றிலும் சிறிது பலம் சேரும், எதுவும் வாசலைத் தாண்டாது. உச்சித் திறமைகளை முதலில் படித்து, எது நம் ஆட்டத்தையே மாற்றுமோ அதை முடிவுசெய்துகொண்டு கீழிறங்கி வழி போடுவதுதான் முறை. வழியில் கட்டாயத்துக்காகப் போட வேண்டிய ஐந்தைந்து பாயிண்டுகளை, எப்போதும் வேலை செய்யும் திறமையில் போடலாம். ‘எதிரியைக் கொன்ற பிறகு சில வினாடிகளுக்கு’ என்று நிபந்தனை போடுபவை, ஒரே பெரிய எதிரியோடு நெடுநேரம் மல்லுக்கட்டும்போது கைகொடுக்காது. கூட வரும் மூவர் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம். தூரத்திலிருந்தே கூட்டாளியை எழுப்பும் திறமையோடு மாயா என்ற பாத்திரம் அணியில் இருந்தால், மற்றவர்கள் உயிர் காக்கும் கிளையில் போடும் பாயிண்டைத் தாராளமாக வேறு பக்கம் திருப்பலாம்.

பிசகினாலும் பயமில்லை. பார்டர்லேண்ட்ஸ் 2-க்குள் இருக்கும் நியூ-யூ நிலையத்தில் கையிருப்புப் பணத்தில் சிறு பங்கைக் கொடுத்தால் போட்ட பாயிண்ட் அத்தனையும் திரும்பி வரும். ஒரு கேமை வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும் வழி மலிவாக இருந்தால் துணிந்து ஒரு கிளையின் உச்சிவரை போய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அன்று இரவே கலைத்துவிட்டு அடுத்த கிளையில் ஏறலாம்.