எத்தனை பேரில்?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, நாட்டிலுள்ள மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. 'மூன்றாம் தலைமுறை' என்று அழைக்கப்பட்ட புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். செய்தி உடனே பரவியது. இரண்டு மடங்கு என்றால் நூறு சதவீத அதிகரிப்பு. அதைக் கேட்ட பெண்கள் பலர் மாத்திரை அட்டையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வேறு மாத்திரைக்கு மாறும்வரை பொறுக்காமல் மாத்திரையையே விட்டவர்கள் உண்டு.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்த ஆய்வுகளின் கணக்கு இது. பழைய வகை மாத்திரை சாப்பிடும் பெண்களில் ஆண்டுக்கு 7000 பேரில் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது. புதிய வகை சாப்பிட்டவர்களில் 7000 பேரில் இருவருக்கு. ஒன்று இரண்டானால் அது இரண்டு மடங்குதான். யாரும் பொய் சொல்லவில்லை. 7000 பேரில் ஒருவர் கூடுதல் என்பதும் அதே உண்மைதான். ஆனால் பெண்களின் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டுமே.

அதுவரை இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டு வந்தன. அடுத்த ஆண்டு அந்தப் போக்கு திரும்பியது. கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகப் பின்னாளில் மதிப்பிட்டார்கள். விரும்பாத பிரசவங்களும் கூடின. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பதின்பருவப் பெண்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. கர்ப்பமே இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். அன்றைய மதிப்பீட்டின்படி ஒரு லட்சம் கர்ப்பிணிகளில் 60 பேருக்கு, அதாவது 7000 பேரில் நான்கு பேருக்கு மேல். இரண்டுக்குப் பயந்து ஓடிய பெண்கள் நான்கில் போய் விழுந்தார்கள்.

ஒரு உண்மையான வாக்கியம் ஒருத்திக்கு அநியாயம் செய்ய முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்பவள் முடிவெடுக்கத் தேவையான பாதியை வெளியே வைத்துவிட்டுச் சொல்லும்போது, அதுவும் முடிவு அவள் உடம்பின் மீதே நடக்கப்போகும்போது, அந்த வாக்கியம் உண்மையாக இருப்பது போதாது.

இந்தக் கணக்கு கஷ்டமானது, சாதாரணப் பெண்களுக்குப் புரியாது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மல்லிகைப்பூ விலை இரண்டு மடங்காகிவிட்டது என்றால், "நேற்று முழம் என்ன விலை?" என்று கேட்காத பெண் நம் ஊர்ச் சந்தையில் உண்டா? பாதி விலைத் தள்ளுபடி என்று துணிக்கடையில் எழுதிப் போட்டிருந்தால், முதலில் விலையை ஏற்றிவிட்டுத்தான் குறைத்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். அதே பெண் மருத்துவர் மேஜையின் எதிரே உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியை மறந்துபோகிறாள். மறக்கும்படி பழக்கப்பட்டிருக்கிறாள் என்பதே சரி. சந்தையில் கேள்வி கேட்டால் கெட்டிக்காரி. ஆஸ்பத்திரியில் கேட்டால் "கூகுள்ல படிச்சிட்டு வந்துட்டீங்களா?"

ஆய்வாளர்கள் இதற்கு இரண்டு அளவுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு குழுவின் அபாயம் இன்னொரு குழுவினுடையதைப்போல எத்தனை மடங்கு என்பது ஒப்பீட்டு அளவு. நூறு பேரில், ஆயிரம் பேரில் எத்தனை பேர் கூடினார்கள், குறைந்தார்கள் என்பது நேரடி அளவு. இரண்டும் தேவைதான். ஒரு மருந்துக்கும் ஒரு நோய்க்கும் உறவு இருக்கிறதா என்று தேடும் விஞ்ஞானிக்கு மடங்கு உதவும். இன்று இரவு மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கு அது மட்டும் எதையும் சொல்லாது.

எந்த இடத்தில் எந்த அளவு வருகிறது என்று கவனியுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனை, அந்த நோயால் வரும் மரணத்தை 20 சதவீதம் குறைக்கும் என்பார்கள். ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ பத்தாண்டுகளில், பரிசோதனைக்குப் போகாத 1000 பேரில் 5 பேர் அந்த நோயால் இறந்தார்கள். தொடர்ந்து போன 1000 பேரில் 4 பேர். ஐந்து நான்கானது 20 சதவீதம். ஆயிரத்தில் ஒரு பெண். அந்த ஒரு பெண்ணின் உயிர் சிறியதல்ல. ஆனால் அதே ஆயிரத்தில் சுமார் நூறு பேர் புற்றுநோய் இல்லாமலே இருக்கிறதோ என்ற பயத்தில் மேல்சோதனைகளுக்கு ஓடினார்கள். ஐந்து பேர் அளவில், வாழ்நாளில் தொல்லையே தராமல் இருந்திருக்கக்கூடிய கட்டிக்குச் சிகிச்சை பெற்றார்கள். நன்மையைச் சதவீதத்தில் பெரிதாகக் காட்டுவதும், தீமையை "ஆயிரத்தில் ஏதோ சிலருக்கு" என்று சின்னதாக மடித்து வைப்பதும் ஒரே துண்டறிக்கையில் நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் பேசுவது எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்கான பரிசோதனையைப் பற்றி. கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட்டும் பயந்தும் தள்ளிப்போட்டு, முற்றியபின் வரும் பெண்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாதவிடாய் நின்ற பெண்களின் கதையில் மடங்கும் சதவீதமும் இரண்டு பக்கமும் விளையாடின. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய ஒரு புத்தகம், மாதவிடாய் நிற்பதை ஒரு குறைபாட்டு நோயாகவே வர்ணித்தது. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டால் பெண் என்றும் பெண்ணாக இருக்கலாமாம்! பிறகு வந்த ஆய்வுகளில், ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகத் தெரிந்தது. 'பாதி' என்ற சொல்லை நம்பி இலட்சக்கணக்கானோர் எடுத்துக்கொண்டார்கள். யார் எடுத்துக்கொண்டார்கள், யார் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஹார்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், படித்தவர்கள், அடிக்கடி மருத்துவரைப் பார்க்க முடிந்தவர்கள். குறைந்த மாரடைப்பில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, வர்க்கத்தின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சதவீதம் பிரித்துச் சொல்லவில்லை.

16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோனும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. 26 சதவீதம் என்பதை நூறு பெண்களில் 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று புரிந்துகொண்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். அதில் ஒருவர் கணித ஆசிரியை. உண்மைக் கணக்கு, ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 பேருக்கு வந்தது. கூடுதல் எட்டுப் பேர். அந்த ஆய்விலிருந்த பெண்களின் சராசரி வயது 63. உடல் தகிப்பிலும் தூக்கமின்மையிலும் தவிக்கும் ஐம்பது வயதுக்காரிக்கு அந்த எட்டு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி நிதானமாகக் கேட்கப்படவே பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் மருந்தை நிறுத்திவிட்டு, வியர்த்த படுக்கையில் விழித்துக் கிடந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு, நேரடி எண்ணைச் சொல்லிவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். அங்கேதான் எனக்குத் தயக்கம். சின்ன எண்ணும் வாயடைக்கப் பயன்படும். "பத்தாயிரத்துல எட்டுப் பேருக்குத்தாம்மா, உங்களுக்கு வராது." அந்த எட்டில் ஒருத்தியாக இருப்பவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? ஒருத்திக்குச் சிறியதாகத் தெரியும் அபாயம், கோடிக்கணக்கான பெண்கள் விழுங்கும் மாத்திரையில் ஆயிரக்கணக்கான உயிராகிவிடும். ஆகவே எண் சிறியது என்பதைச் சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

எண் பெரிதாக இருந்தாலும் எண்ணுகிறவர்கள் மனசு வைக்க வேண்டும். 1956-இல் கருத்தடை மாத்திரையின் முதல் பெரிய சோதனை போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் நடந்தது. அது சோதனை என்பதே அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, நூற்றுக்கு 17 பெண்கள் தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று அவதிப்படுவதாகவும், இவ்வளவு பக்கவிளைவுள்ள மருந்தைப் பொதுவாக ஏற்க முடியாதென்றும் அறிக்கை கொடுத்தார். சோதனையை நடத்திய ஆண்கள் அவற்றில் பெரும்பகுதியை மனம் சார்ந்த தொல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆறில் ஒருத்தி. மடங்கும் இல்லை, சதவீத மாயமும் இல்லை. எண்ணிச் சொன்ன எண்ணே கணக்கில் வராமல் போனது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1970 ஜனவரியில், மாத்திரையின் பாதுகாப்பு குறித்து அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு பெண்ணும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து வாஷிங்டன் பெண் விடுதலைக் குழுவைச் சேர்ந்த ஆலிஸ் உல்ஃப்சனும் தோழிகளும் எழுந்து, எங்களிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கூச்சலிட்டார்கள். மாத்திரையோடு நோயாளிக்கான எச்சரிக்கைத் தாள் ஒன்று வைப்பது அந்த ஆண்டு கட்டாயமானது. முதலில் எழுதப்பட்ட நீண்ட வரைவு, மருத்துவச் சங்கமும் கம்பெனிகளும் எதிர்த்ததால் சில வரிகளாகச் சுருங்கியது. பெண்கள் பயந்துவிடுவார்கள் என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1995-இல் பெண்களைப் பயமுறுத்தியது எது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் ஊருக்கு வருகிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 2015-16இல் 34.1 சதவீதம், 2019-21இல் 44.9. இதை "11 சதவீதம் கூடியது" என்றும் எழுதலாம், "32 சதவீதம் கூடியது" என்றும் எழுதலாம். முதலாவது உண்மையில் சதவீதப் புள்ளி. நூறு பிரசவங்களில் கூடுதலாகப் பதினொன்று. இரண்டாவது, பழைய எண்ணோடு ஒப்பிட்ட வளர்ச்சி. எழுதுகிறவருக்கு என்ன வேண்டுமோ அது வரும். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 64 பிரசவங்கள் சிசேரியன்.

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த என் தங்கை இரண்டாவதைச் சுமந்தபோது, அடுத்ததாவது நார்மலாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். தனியார் மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் சீட்டிலிருந்து தலை நிமிராமல், "பழைய தையல் பிரியற ரிஸ்க் இருபத்தஞ்சு மடங்கும்மா. எதுக்கு வம்பு?" என்றார். அவளுடைய மாமியார் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

மடங்கு தவறில்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் தன் நோயாளிகளுக்குத் தரும் கணக்கில், சிசேரியனுக்குப் பின் இயல்பான பிரசவத்துக்கு முயலும் 200 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பைத் தழும்பு பிரிகிறது. நாள் குறித்து மறுபடி அறுவை செய்துகொண்டால் 10,000 பேரில் இருவருக்கும் குறைவு. பத்தாயிரத்துக்கு ஐம்பது, பத்தாயிரத்துக்கு இரண்டு. பிரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் விபரீதம்தான். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் நஞ்சு கர்ப்பப்பைச் சுவரில் ஆழமாகப் பதிந்து பிரியாமல் போகும் அபாயம் ஏறும். முப்பதாயிரம் அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2006-இல் வந்த ஆய்வில், அது 10,000 பேருக்கு முதல் சிசேரியனில் 24, இரண்டாவதில் 31, மூன்றாவதில் 57, நான்காவதில் 213. இரண்டு பிள்ளையோடு நிறுத்தப் போகிறவளுக்கு இந்தக் கணக்கு ஒன்று. மூன்று, நான்கு வேண்டுமென்பவளுக்கு வேறு. எத்தனை பிள்ளை வேண்டுமென்று தங்கையை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். "எத்தனை பேர்ல டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். மருத்துவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினாராம். இவள் இன்னொன்றும் கேட்டாள்: ராத்திரியில் தையல் பிரிந்தால் மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? முக்கால் மணி நேரம் ஆகலாம் என்று பதில் வந்தது. இரண்டாவதோடு போதும் என்பது அவள் எண்ணம். அறுவைக்கே தேதி குறித்துக்கொண்டு வந்தாள்.