எலிக்கும் வலிக்கும்

அந்த மாத்திரை அட்டையைக் கீழே வையுங்கள். உங்கள் முதுகுவலிக்கு எழுதித் தந்த டிரமடாலில் கால் துண்டு உடைத்து, வாழைப்பழத்தில் மசித்து, கட்டி அறுத்துவிட்டு வந்திருக்கும் வளர்ப்பு எலிக்கு ஊட்டிவிடாதீர்கள். 50 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 12.5 மில்லிகிராம். எலி 300 கிராம் இருக்கும். எடைக்கணக்கு மட்டும் பார்த்தால், 60 கிலோ ஆள் ஒரே மூச்சில் 50 மாத்திரை விழுங்குவதற்குச் சமம். சரி, எடையால் வகுத்துக் கொடுக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. எலியின் உடல் மருந்தைச் செரிக்கும் வேகம் வேறு. வலி அடங்காமலே போகலாம். மிஞ்சினாலோ வலிப்பு வரலாம், மூச்சு தளரலாம். சில மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும்.

அதற்காக, "எலிதானே, தானாக ஆறிவிடும்" என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலாவதில் இரக்கமாவது இருக்கிறது.

எலி வலியை எளிதில் வெளியே காட்டாது. காட்டினால் பூனைக்கும் ஆந்தைக்கும் இரையாகிவிடும் என்பது அதன் பிறவிப் பாடம். ஆகவே முகத்தைப் பாருங்கள். 2011-இல் ஆய்வாளர்கள் இதற்கென்றே ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: கண் சுருங்கியிருக்கும், மூக்கும் கன்னமும் மேடு தெரியாமல் தட்டையாகும், காதுகள் மடங்கி விலகும், மீசை விறைக்கும். கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதறவேண்டாம். பெரும்பாலும் அது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியின் நிறமி. ஆனாலும் உடல் அவதிப்படுகிறது என்பதற்கு அடையாளம்.

இங்கிலாந்தின் ஹல் நகரில் 1966-இல் உருவான புப்ரினார்ஃபின்தான் எலிகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் அதிகம் போடும் ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து) ஊசி. பல சமயம் மெலாக்சிகாமும் சேர்த்துத் தருவார்கள். பொறி வைக்கும் ஊரில் எலிக்கு வலிமருந்தா என்று பக்கத்து வீட்டார் சிரிக்கட்டும். நம் வலிமருந்துகள் பலவற்றை நமக்கு முன்னால் உடலில் வாங்கிக்கொண்டவை எலிகள்தாம்.

ஊசியின் பலன் சில மணி நேரமே. அறுவை மேசையில் போட்டது விடியும்வரை தாங்காது. இன்னொன்று, எலியால் வாந்தியெடுக்க முடியாது. புப்ரினார்ஃபினால் குமட்டினால் கண்டதையும் தின்னும். கூண்டில் பரப்பிய மரத்தூளைத் தின்று வயிறு அடைத்துப் போகலாம். அந்த நாட்களில் தூளை எடுத்துவிட்டு டிஷ்யூ காகிதம் விரியுங்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுங்கள், புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். உடல் சில்லிட்டாலும் மூச்சு மெதுவானாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இந்த ஊசி மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மருத்துவர் மறுத்தால் கோபிக்காதீர்கள். புப்ரினார்ஃபின் நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிடியில் இருக்கிறது. டிரமடாலும் 2018-இல் அதற்குள் வந்துவிட்டது. மருந்துக்கடையில் தெரிந்தவரைப் பிடித்து வாங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். தேவையானால் இரவு அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாளை அறுவை என்றால் இன்றே போன் போட்டுக் கேளுங்கள்: கத்தி வைக்குமுன் வலிக்கு என்ன கொடுப்பீர்கள், இரவுக்கு என்ன, மறுநாளைக்கு என்ன? பதில் இழுத்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.