கழித்தது போக

வெளியூர் நண்பர்களைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனால் நான் விமானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நேராகக் கல்வெட்டுகளிடம் போய்விடுவேன். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன்.

அதில் தளிச்சேரிப் பெண்களின் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பேரைக் கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. நக்கன் சேரமங்கை என்ற பெயரை ஆயிரம் வருஷம் கழித்து நான் வாய்விட்டுப் படிக்கிறேன். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு 100 கலம் நெல். வரமாட்டேன் என்று அவர்களில் ஒருத்தியால் சொல்லியிருக்க முடியுமா? அதைக் கல் சொல்லாது. பெயராவது மிஞ்சியது.

சரி, 400 பங்குக்கு 40,000 கலம். அந்த நெல்லை விளைவித்தது யார்?

கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்களின் கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழி. மீதிக்கு இவ்வளவு நெல். வேலியை மாவாக்கி, மாவை முந்திரி வரைக்கும் நறுக்கிய கணக்கு. சேற்றில் இறங்கியவர்கள் அந்தக் கழித்தல் வரியில் மட்டும்தான் வருகிறார்கள், அதுவும் குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில், பெயர் இல்லாமல்.

"வரி போடலையேடா, சலுகைதானே?" என்றான் ஒரு நண்பன். சலுகைதான், மறுக்கவில்லை. "அந்தக் காலம் அப்படி" என்றும் சொன்னான். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 400 பெண்களுக்கு வீட்டு வரிசையோடு பெயர் எழுதத் தெரிந்த காலம்தானே அது? எழுதத் தெரியாமல் விட்டதல்ல, யாரை எழுதுவது என்று முடிவெடுத்து விட்டது. அதற்காக அந்தக் கல்லை வெறுக்கவும் எனக்கு வரவில்லை. இந்தக் கழித்தல் கணக்கையே அதுதானே எனக்குச் சொன்னது?

நாற்பது வருஷம் நடவு நட்ட அப்பாயியை ஒருமுறை கூட்டிப்போனேன். முழங்கால் வலி. சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "இம்புட்டு எழுதியிருக்கே, நம்ம ஆளுவ பேரு எதாச்சும் இருக்கா?" என்றாள்.

"சேரி இருக்கு அப்பாயி. இவ்வளவு நிலம்னு போட்டிருக்கு."

"எத்தனை மா?" என்று கேட்டாள்.